ஊட்டி எண் இருபத்து மூன்று

செம்பூரில் நான்காம் மாடி.
மழை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
நான் மும்பையை அணைத்துப் பார்க்கிறேன்,
இன்று பதினேழாவது முறையாக.
அணைப்பதற்கு நம்மிடம் இரண்டு பொருள் உண்டு.
எனக்குச் சம்பளம் தருவது இருட்டாக்கும் பொருள்.

வெளியிலிருந்து வரும் கம்பிகள் அறுந்தன
என்று ஒரு வரி எழுதினால் போதும்,
அறுந்துவிடுகின்றன.
இனி நகரம் தீவு.
ஒரு காலத்தில் ஏழு தீவாய்க் கிடந்ததுதான்.
மண்ணைக் கொட்டி, கடலைத் தூர்த்து
நூறு வருஷம் ஒட்டவைத்ததை
நான் கால் நொடியில் பிய்த்துவிடுகிறேன்.

முதல் இரண்டு நொடி
யாரும் எதுவும் செய்வதில்லை.
கடலோரத்துச் சுழலிகளின் எஃகு
தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் விற்று
ஊரின் கடனை அடைக்கிறது.
ஐம்பது.
நாற்பத்தொன்பதரை.
நாற்பத்தொன்பது.
நாற்பத்தெட்டுப் புள்ளி எட்டில்
ரிலேக்கள் கண்விழித்து
சுமைகளை உதிர்க்கும்.

சுமை என்பது பாடப்புத்தகச் சொல்.
பரீட்சைக்குப் படிப்பவன், மாவு அரைப்பவள்,
ஃப்ரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்
எல்லோரும் அதில் அடக்கம்.
எந்தச் சுமையை இறக்கினால்
மிச்சம் நிற்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

சமன்பாட்டின் வேர்களெல்லாம்
தாளின் இடப்பக்கம் விழவேண்டும்.
ஒன்றே ஒன்று வலப்பக்கம் தாண்டினாலும்
ஊசல் பெருத்துப் பெருத்து
எல்லாம் போச்சு.
வலதுகால் வைத்து வா என்று
இந்த வீட்டுக்குள் என்னை அழைத்தவர்களிடம்
இதைச் சொன்னதில்லை.

பதினேழு முறையும் நிரல்
முதலில் உதிர்த்தது
ஊட்டி எண் இருபத்து மூன்றை.
ஊட்டியிலுமா கரண்ட் கட், என்றான் சேந்தன்
சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.
பதினோரு மெகாவாட்.
ஆஸ்பத்திரி இல்லை, ரயில் இல்லை,
தண்ணீர் ஏற்றும் மோட்டார் இல்லை.
கணக்குக்கு இதைவிடக் கச்சிதமான பலி கிடையாது.

சப்ஸ்டேஷனில் இரவுப் பணியிலிருந்த
தாண்டேலுக்குப் போன் போட்டேன்.
இருபத்து மூன்றா, கோவண்டிப் பக்கம் மேடம்,
டெய்லர் பட்டறைகள், என்றார்.
பின்னால் டிரான்ஸ்பார்மர் முனகுவது கேட்டது.

சனிக்கிழமை ஹார்பர் லைனில் ஏறினேன்.
ஒரே ஒரு ஸ்டேஷன்.
மெகாவாட்டை அதுவரை நேரில் பார்த்ததில்லை.
அது ஒரு சந்து.
தகர ஏணி ஏறினால்
பதினெட்டு மெஷின், ஒரு மின்விசிறி,
மூட்டை மூட்டையாய் பள்ளிச் சட்டைக் காலர்கள்.
கரண்ட் ஆபீஸா, என்றாள் ஷம்ஷாத்
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.
ஆமாம் என்பதா, இல்லை என்பதா.
எப்போதும் எங்களுக்குத்தான் முதலில் போகும்,
எதிர்வரிசையில் எரியும்,
என்ன கணக்கு அது?
கோபமில்லை.
தக்காளி விலை கேட்கிற குரல்.

நிரல் புதிதாய்க் கண்டுபிடித்ததாக
நான் நினைத்திருந்ததை
அந்தத் தெருவின் ரிலே
முன்பே மனப்பாடம் செய்திருந்தது.
பழைய பதிவேடுகளைக் கொடுத்துப் பழக்கியவள்
நான்தானே.

வீட்டுக்கு வந்து ஒரு உறுப்பு சேர்த்தேன்.
ஒருமுறை உதிர்ந்த ஊட்டிக்கு
மறுமுறை விலை கூடும்.
நினைவு என்று பெயர் வைக்கக் கூச்சமாக இருந்தது;
கிரேக்க எழுத்தொன்றை வைத்தேன்.

அதிர்வெண் இப்போது இன்னும் கொஞ்சம் ஆழம் போய்த்தான்
திரும்புகிறது.
ஒரு வேர் வலப்பக்கமாய்
மயிரிழை நகர்ந்து
கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.
இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்கிறார்:
செயல்திறனைக் குறைக்கும் இந்த உறுப்புக்கு
அடிப்படை என்ன?
பதில் எழுதும் இடத்தில்
கர்சர் மூன்று நாளாய்த் துடிக்கிறது.
பதினெட்டு மெஷின் என்று எழுதி அழித்தேன்.
மேற்கோள் கேட்பார்கள்.

இன்றிரவு பதினெட்டாவது ஓட்டம்.
கம்பிகள் அறுந்தன, எஃகு தளர்ந்தது,
ரிலே விழித்தது.
உதிர்ந்தது ஊட்டி எண் ஒன்பது.
வரைபடத்தை விரித்துப் பார்த்தேன்:
எங்கள் தெரு.

சேந்தா,
டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா பார்.