இரண்டு உருண்டைச் சோறு

ஹூராவின் பின்தெருவில்
சலூனுக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே
ஒரு ஜன்னல் அகலத்துக்கு இருக்கிறது கடை.
பெயர்ப்பலகையில் தென்னை, சூரியன், நீல அலை.
மாடி ஏசியின் தண்ணீர் சொட்டிச் சொட்டி
அலை மட்டும் எப்போதும் ஈரம்.

மேலே ஐந்து மாடி.
லிஃப்ட் நான்கில் நின்றுவிடும்.
மாதம் இரண்டு முறை அதைச் சரிசெய்ய வருகிறேன்.
லிஃப்ட் சரியாவதில்லை.
நான் சாப்பிட்டுப் போகிறேன்.

ஒரு தினார் எண்ணூறு ஃபில்ஸ்.
ஐஸ்கிரீம் கரண்டியால் அள்ளி வைத்த
இரண்டு உருண்டைச் சோறு,
அதன்மேல் மாட்டுக்கறி வடை,
அதன்மேல் முட்டை,
எல்லாவற்றின் மேலும்
பழுப்பாக, கொழுகொழுவென்று ஒரு குழம்பு.
ஓரத்தில் குளிர்ந்த மக்ரோனி,
யாரும் கேட்காமலே வந்துவிட்ட விருந்தாளி போல.

‘இது என்னய்யா, குழம்பில் காரமே இல்லை’
என்றான் இருதயராஜ் முதல் நாள்.
பிளாஸ்டிக் முள்கரண்டி இரண்டாம் வாயிலேயே ஒடிந்தது.
பிக்கப்பின் பின்பலகையில் தட்டை வைத்து
கையால் பிசைந்தோம்.
மஞ்சள் கரு உடைந்து குழம்பில் இறங்கியதும்
அவன் பேச்சை நிறுத்தினான்.
தட்டை வழித்த பிறகுதான்
‘காரம் இல்லை’ என்றான் மறுபடியும்.

சமைப்பவன் ரொடெல், இலோய்லோக்காரன்.
கப்பலில் பாத்திரம் கழுவிய காலத்தில்
ஹொனலூலுவில் நான்கு முறை கரையிறங்கியிருக்கிறான்.
நான்கு மதியச் சாப்பாடு.
அந்த நான்கையும் நாக்கில் மடித்து
பஹ்ரைனுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

வாங்குகிறவர்கள் யாரும் அந்தத் தீவைப் பார்த்ததில்லை.
பெஷாவர் டிரைவர், சலூன் பெண்கள்,
பள்ளிவிட்டு வரும் இரண்டு பஹ்ரைனிப் பையன்கள்.
கோழி லஞ்சனைப் பொரித்துச் சோற்றில் அழுத்தி
கடற்பாசி சுற்றித் தருவானே,
அதை அவர்கள் சாக்லேட் போல உறித்துத் தின்பார்கள்.
‘சரியாக இருக்கிறதா?’ என்று கேட்பான் ரொடெல்.
‘ரொம்பச் சரி’ என்போம்.
எதற்குச் சரி என்று எங்களுக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை
அவர் வந்தார்.
ஜுஃபைரில் வேலை. கதவு அளவு தோள்.
பலகையைப் பார்த்தார், சிரிக்கவில்லை.
அங்கேதான் பிறந்தேன் என்றார்
சில்லறையை எண்ணிக்கொண்டே.

ரொடெலின் கரண்டி அந்தரத்தில் நின்றது.
நான்காம் மாடியில் நிற்கும் என் லிஃப்ட் போல.

அவர் நின்றபடியே தின்றார்.
முட்டை. கறி. சோறு ஒரு உருண்டை.
நெற்றி வியர்வை தட்டில் விழுந்தது, துடைக்கவில்லை.
நாங்கள் எல்லோரும்
சாவிக்கடை ஹனீஃபாவும்கூட
வேறெங்கோ பார்ப்பதுபோல அவர் வாயைப் பார்த்தோம்.

கடைசியாக மக்ரோனி.
மென்றார்.
மென்றுகொண்டே இருந்தார்.
‘வேகவே இல்லை’ என்றார்.
‘இது குழைய வேண்டும். எங்கள் பக்கம்
பல் இல்லாதவனும் தின்பான்.
யார் சொல்லிக் கொடுத்தார்கள் உனக்கு?’
குரலில் கோபம், நிஜக் கோபம்.
காலித் தட்டை நீட்டி
இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

ரொடெலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
மூன்று வருடமாகக் கிடைத்த ‘ரொம்பச் சரி’ எதற்கும்
அப்படி மலர்ந்ததில்லை.
திட்டுவதற்கு ஒரு ஆள் வந்துவிட்டார்.

எனக்கு அது புரிந்தது.
குதைபியா ஓட்டலில் சாம்பாரை முகர்ந்து
‘இதில் ஏன்டா சர்க்கரை’ என்று
நான் கத்தும் அந்த ஒரு நிமிடம்
இந்த ஊரில் நான் விருந்தாளி இல்லை.

இப்போது மக்ரோனி குழைகிறது.
கரண்டியில் ஒட்டி, விழ மனமில்லாமல் விழுகிறது.
அவர் வெள்ளிதோறும் வருகிறார்,
இப்போது குழம்பில் குறை.

எனக்கு அந்தப் பழைய,
வேகாத, தவறான மக்ரோனிதான் பிடித்திருந்தது.
ரொடெல் கேட்டான், சரியாக இருக்கிறதா என்று.
‘ரொம்பச் சரி’ என்றேன்.
மேலே லிஃப்டில் யாரோ மணியடிக்கிறார்கள்.