லாட் பதினான்கு

என் வேலை துப்புவது.
காலை ஏழு மணிக்குள்
இருபது கோப்பைக் காப்பியைச் சர்ரென்று உறிஞ்சி
நாக்கின் ஓரமெல்லாம் அனுப்பி
வாளியில் துப்பிவிட்டு
மார்க் போடுவேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் புருனோவுக்கும் அதே வேலை.
ஆறு வருஷமாக எங்கள் மூட்டைகளை வாங்குகிறவன்.
முகம் தெரியாது, வாய் தெரியும்.
"லாட் பதினான்கில் நனைந்த சாக்கு வாடை"
என்று போன மாசியில் எழுதினான்.
மூன்று நாள் அவனைத் திட்டினேன்.
நாலாம் நாள்
கிடங்கின் மேற்கு மூலையில்
ஓர் ஓடு விலகியிருந்ததைப் பார்த்தேன்.

ஓடு மாற்றியாச்சு என்று எழுதியதற்குப்
பதிலாக வந்தது இந்தப் பாட்டில்.
அவன் அண்ணன் தோட்டத்துச் சிவப்பு ஒயின்.
ஐந்து ஏக்கர், ஒரு டிராக்டர்,
அறுப்புக்கு மாமன் மச்சான் எல்லோரும்.
லேபிளில் கோட்டை இல்லை, சிங்கம் இல்லை.
குடும்பப் பெயர்,
அதன் கீழே பேனாவால் எழுதிய எண்: 4217.
அந்தத் திராட்சையின் பெயருக்கு
அவர்கள் பாஷையில் மூடுபனி என்று அர்த்தமாம்.
"உங்கள் ஊரிலும் அது உண்டென்றாயே."

உண்டு. ஆனால் மேலே.
பாட்டில் வந்ததோ சேலம் வழியாக, சித்திரையில்.
சென்னை வரை கைப்பெட்டியில் கொண்டுவந்த ஏஜெண்ட்
சாம்பிள் பைகளோடு சேர்த்துக் கட்டி
லாரி பார்சலில் போட்டுவிட்டார்.
ஜெசிந்தா என்பதை வசந்தா என்று எழுதிவிட்டதால்
செவ்வாய்ப்பேட்டைக் கிடங்கில்
தகரக் கூரைக்கு அடியில்
ஒன்பது நாள் வசந்தாவுக்காகக் காத்திருந்தது.
லீ பஜாரில் மிளகு போட்டுவிட்டு வந்த தனிஸ்லாஸ்
சண்டை போட்டு மீட்டு
இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

கார்க் எடுக்கும் திருகு வீட்டில் ஏது?
கதவுக் கீலிலிருந்து ஒரு ஸ்க்ரூ, கட்டிங் பிளேயர்,
முழங்கால்களுக்கு நடுவே பாட்டில்.
பாதி கார்க் வெளியே வந்தது, பாதி உள்ளே போனது.
டீ வடிகட்டியில் வடித்து
எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினோம்.

தனிஸ்லாஸ் ஒரே மடக்கு.
"நாவப்பழம் ஊறுன தண்ணியாட்டம் இருக்கு."

நான் பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சினேன்.
வாளி இல்லை.
விழுங்கினேன்.

முதலில் துவர்ப்பு,
ஈறைப் பிடித்து இழுக்கும் பாக்குத் துவர்ப்பு.
பிறகு, கல்லறைத் திருநாளுக்கு மறுவாரம்
காய்ந்து கிடக்கும் ரோஜா.
அந்த வருஷம் அங்கே மழை பிந்தியிருக்க வேண்டும்,
பூ மழை தவறினால் எங்கள் காப்பியில் தெரியுமே
அது போல ஓர் இறுக்கம்.
யாரோ பொறுத்திருந்து பறித்திருக்கிறார்கள்.
அதுவரை எல்லாம் சரி.
கடைசியில், நாக்கின் அடியில்,
வெந்துபோன ஏதோ ஒன்று.
காடி.
ஒன்பது நாள்.

"அருமைன்னு எழுதிடு" என்றான் தனிஸ்லாஸ்.
"ஓசில வந்ததுக்குமா மார்க் போடுவ?"

இரண்டாவது தம்ளரையும் குடித்தேன்.
மிச்சத்தை மறுநாள் பன்றிக்கறியில் ஊற்றினேன்,
கறி மட்டும் உண்மையிலேயே அருமை.

அப்புறம் உட்கார்ந்து எழுதினேன்:
"எண் 4217. பூ இருக்கிறது.
துவர்ப்பு நேராக நிற்கிறது.
அடியில் சூடு பட்ட வாடை.
உன் அண்ணன் மேல் தப்பில்லை.
எங்கள் பக்கத்தில்தான்
இன்னோர் ஓடு விலகியிருக்கிறது."

அனுப்ப விரல் போனபோது கரண்ட் போனது.
ஜன்னலுக்கு வெளியே
சில்வர் ஓக் மரங்களை
மேலேறிய மிளகுக் கொடியோடு
ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது,
துப்பாமல்,
அந்தத் திராட்சையின் பெயர்.