ஷவரில் ஒரு சைக்கிள்

தாங்கியின் கையேட்டில் போட்டிருந்தது:
நான்கு சைக்கிள், அறுபது கிலோ.
அதற்கு மேல் ஏற்றினால் வண்டியின் பின்சுவர் பிய்ந்துவரும் என்று
படமே வரைந்திருந்தான்.
பிய்ந்த சுவருக்குப் பக்கத்தில்
சோகமான ஒரு கோட்டு மனிதன்.

குளியலறை எடை மெஷினை வாசலுக்குக் கொண்டுவந்தோம்.
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பது,
பிறகு வெறுமனே ஏறி நிற்பது,
கழிப்பது.
டோக்குமில் எங்கள் தெரு முழுக்கக் கேட்க
என் எடையைக் கூவினாள் ஃபென்னா. ஒன்பது வயது.
எதிர்வீட்டில் வேலி வெட்டும் கத்தரி
ஒரு நொடி நின்று
மறுபடி தொடங்கியது.

ரெம்கோவின் மின்சைக்கிள், பேட்டரியைக் கழற்றியும், இருபத்துமூன்று.
என்னுடையது பதினெட்டு.
ஃபென்னாவுடையது பதினொன்று.
யெல்மருடையது பதினான்கு.
என் முன்கூடையைக் கழற்றினோம். பூட்டுச் சங்கிலியை எடுத்தோம்.
இன்னும் இரண்டு கிலோ அதிகம்.

ரெம்கோ கழுத்தைச் சொறிந்தான்.
யெல்மர் செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல்
"என்னோடது இங்கேயே இருக்கட்டும்" என்றான்.

பன்னிரண்டு வயது.
கோடையில் இரண்டு வாரம் அப்பாவோடு வருகிறவன்.
என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடாமல்
வேறெதுவும் சொல்லியும் கூப்பிடாமல்
வாக்கியங்களை வளைத்து வளைத்து
மோதாமல் ஓட்டத் தெரிந்தவன்.

"இருக்க வேண்டாம்" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

அப்படித்தான் அது ஷவருக்குள் போனது,
முன்சக்கரம் கழன்று, ஹேண்டில் திரும்பி,
திரைச்சீலையால் சுற்றிக் கட்டப்பட்டு.
வழியில் யாரும் குளிப்பதில்லை என்று
வாக்கெடுப்பில்லாமல் முடிவானது.

பின்பக்கக் கேமராவில் சாலையே தெரியவில்லை.
மூன்று சைக்கிள்கள்தான்.
ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பிகளுக்குள்,
தூக்கத்தில் கால் போட்டுக்கொள்கிறவர்கள் மாதிரி.
வண்டி தொண்ணூறில் போகப் போக
ஃபென்னாவின் சின்னச் சக்கரம் காற்றில் தானே சுற்றியது,
யாரும் மிதிக்காமல், ஜெர்மனிக்குள்.

மெப்பன் தாண்டி ஒரு வளைவு.
ஷவருக்குள்ளிருந்து: டிங்.
"உள்ளே வாங்க" என்றாள் ஃபென்னா.
அடுத்த வளைவு. டிங்.
"திறந்துதான் இருக்கு, வாங்க."
நான்காவதோ ஐந்தாவதோ டிங்கில்
பின்னிருக்கையிலிருந்து ஒரு மூக்குச் சிரிப்பு.
கண்ணாடியைக் கீழிறக்கிப் பார்க்கலாமா என்று நினைத்தேன்.
பார்க்கவில்லை.

மோசல் ஆற்றங்கரையில் நான்கு நாள் வெயில்.
மிச்ச நாளெல்லாம் மழை.
செயின் மசகு எல்லார் கால்சட்டையிலும்,
ஷவர் தரையில் ஒரு கறுப்பு வளையம்,
எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

திரும்பும் காலையில் இடம் மாற்றினேன்.
யெல்மருடையது தாங்கிக்கு, என்னுடையது ஷவருக்கு.
மொத்தம் நாற்பத்தெட்டு, கணக்கு சரிதான் என்றேன்,
யாரும் கேட்காதபோதே.
முதல் வளைவில் சத்தமில்லை. இரண்டாவதிலும்.
என் மணி போன குளிர்காலமே துருப்பிடித்துப் போயிருந்தது.
"யாருமே வரல" என்றாள் ஃபென்னா.

டீசல் போட நிறுத்தினோம்.
நான் காப்பியோடு வந்தபோது
ஷவர் கதவு திறந்து கிடந்தது.
உள்ளே குத்துக்காலிட்டு யெல்மர்,
வாயில் ஒரு திருகாணி.
வந்த வழியே திரும்பிப் போய்
இன்னொரு காப்பி வாங்கினேன். எனக்கு அது தேவையே இல்லை.

குரோனிங்கனில் அவன் அம்மா வாசலில் நின்றாள்.
பட்டைகளை அவனே அவிழ்த்து, சைக்கிளை இறக்கினான்.
"மணி எங்கே?"
"ஹிஸ்கேகிட்ட இருக்கு" என்றான்,
ஹெல்மெட் வாரில் இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.

இப்போது தாங்கியில் இடமிருந்தது.
உன்னுடையதை வெளியே மாற்றிவிடலாமே என்றான் ரெம்கோ.
இருட்டப்போகிறது, விடு என்றேன்.
மணி ஏழுகூட ஆகவில்லை, ஜூலை மாதம்,
பத்துவரை வெளிச்சம் இருக்கும்.

டோக்கும் ரவுண்டானா.
டிங்.
ஃபென்னா தூங்கிப்போயிருந்தாள்.
ரெம்கோ சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.
"வா" என்றேன்.