துப்பிச் சம்பாதித்தவன்

முப்பத்தொரு வருஷம் துப்பித்தான் சம்பாதித்தேன்.
குன்னூரில், வடக்கு வெளிச்சம் விழும் அறையில்
வரிசையாய் வெள்ளைக் கிண்ணங்கள்.
கரண்டியால் உறிஞ்சி, மூக்குவரை ஏற்றி,
ஒரு நொடி வைத்திருந்து, துப்பு.
நாளைக்கு முந்நூறு. ஒன்றையும் விழுங்கியதில்லை.

இப்போது வாய் தன் பாட்டுக்கு ஒழுகுகிறது.

"அதிகமா ஒண்ணும் சுரக்கலை, ஹாலன் சார்.
விழுங்கத்தான் மறந்துபோறீங்க" என்றாள்
பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஜெஸிந்தா.
நோயின் பெயரை அவள் சொல்லவில்லை.
என் கை சொல்லிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்தை
நாக்குக்கு அடியில் விடச் சொன்னார் டாக்டர்.
பத்து நாள் என் வாய் மார்ச் மாத ஓடை.
பதினோராம் நாள்
நாயைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
நிறுத்திவிட்டார்.
காதுக்குக் கீழே போடும் ஊசி கோயமுத்தூரில் உண்டாம்,
மூன்று நான்கு மாதம் தாங்குமாம்.
பச்சைத் தேயிலை விலை ஏறட்டும் என்றிருக்கிறோம்.

அதுவரை துண்டு.
ஆடி மழையில் இந்த ஊரில் துண்டு காயுமா?
அடுப்புக்கு மேலே கம்பி கட்டி
ஒன்பது தொங்கவிட்டாள் மாதி.
என் மோவாயில் எப்போதும் புகை வாசம்.
தேய்க்கக் கூடாது, ஒத்த வேண்டும்.
முதல் வருஷப் பனியில் தோல் வெடித்த பிறகுதான்
இது தெரிந்தது.

"விழுங்குங்க" என்பாள்,
பால்காரன் முன்னால், சம்பந்தி முன்னால்.
ஒரு நாள் துண்டை அவள்மேல் எறிந்தேன்.
நடுங்கிய கை, பாதி தூரம்கூடப் போகவில்லை.
மறுநாளிலிருந்து சொல் இல்லை.
மோதிரத்தால் டம்ளரில் இரண்டு தட்டு.
டிக் டிக். விழுங்குவேன்.
கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்
பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்று நினைத்து
தானும் தலையாட்டினார்.

ஜனவரியில் செபாஸ்டியன் வந்தான், அந்த அறையிலிருந்து,
உறைபனிக் கொழுந்து ஒரு பொட்டலத்தோடு.
"பார்த்து ஒரு ரேட்டு சொல்லுங்க."
ரேட்டு அவனுக்கே தெரியும்.

தாடையை இறக்கு, சின்ன மடக்கு: ஜெஸிந்தாவின் சட்டம்.
உறிஞ்சினேன். பழைய சத்தம் இல்லை.
நாக்கின் ஓரத்தில் லேசாய்க் கற்பூரம்,
அதன் பின்னால் பச்சை, பச்சை, பச்சை.
செபாஸ்டியன் கை பழக்கத்தில்
குப்பை வாளியை என் பக்கம் நகர்த்தியது.
அடுப்படியிலிருந்து டிக் டிக்.

விழுங்கினேன்.
கொஞ்சம் காலருக்குள் இறங்கியது.
துண்டை எடுத்து ஒத்திக்கொண்டேன்.

"வாடல் பத்தலை" என்றேன்.
"இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருக்கணும்."

அவன் பேனாவைத் தேடினான்.