சனிக்கிழமையாவது

செம்பனை ஆலைப் புகை பற்றி இரண்டு மனுக்கள்
ஒரே காலையில் என் நகலெடுக்கும் கடைக்கு வந்தன.
இரண்டையும் தமிழாக்கித் தரவேண்டும்,
பக்கத்துக்கு மூன்று வெள்ளி.
சீனப் பள்ளியில் ஆறு வருடம் உட்கார்ந்ததற்கு
சுங்கை தெராப் கொடுக்கும் கூலி அவ்வளவுதான்.

இன்பநாதன் சாரின் ஆங்கிலம்
முதல் வரியிலேயே கையை நீட்டுகிறது:
புகைபோக்கிக்கு வடிகட்டி வேண்டும்.
பிறகு ஒன்று, இரண்டு, மூன்று.
தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய கை,
காரணங்களையும் வேளைக்கு ஒன்றாக மடித்திருக்கிறது.
ஆலைதான் நமக்குச் சோறு போடுகிறது, உண்மை, என்கிறார்.
அடுத்த சொல் 'எனினும்'.
ஊசியை அங்கேதான் ஒளித்திருக்கிறார்.

ஹோ சியூ லான் டீச்சரின் சீனத்தில்
'நான்' என்று ஒருவரும் இல்லை.
ஒரே ஆற்றுத் தண்ணீர் குடிக்கும் நாம் என்று தொடங்கி,
ஆலைக்கு முதல் செங்கல் சுமந்தவர்களுக்குத் தலை தாழ்த்தி,
நான்கு நான்கு எழுத்தாக நடக்கிறது,
சிங்க ஆட்டத்துக்கு முன்னால் போகும் மேளம் மாதிரி.
வடிகட்டி எங்கே என்று தேடினேன்.
கடைசி வரியில் இருந்தது,
விருந்து முடிந்து ஆரஞ்சுத் துண்டுகளோடு வரும் பில் போல.
அதற்கு முன் ஒரு கேள்வி:
பிள்ளைகளின் மூச்சுக்குமா விலை பேசுவோம்?
ஆமாம் என்று சொல்ல எந்த நாக்கு எழும்?

இரண்டையும் தமிழில் இறக்கினேன்.
சாரின் எண்கள் அதட்டின.
டீச்சரின் கேள்வி மேடையேறி
கைதட்டலுக்காக நின்றது.
பிசைந்து ஒன்றாக்கிக் காட்டினேன்.
'ரெண்டாம் நம்பர் எங்கே?' என்றார் அவர்.
'இவ்வளவு சீக்கிரமாவா கேட்பது?' என்றார் இவர்.

கடைசியில் நான்கு வரி மட்டும் வைத்துக்கொண்டு
கீழே 'நீங்களே சொல்லுங்க' என்று தட்டி
பாதிப் பக்கம் வெறுமையாக விட்டு
மீன் கடைக்கும் நம்பர் கடைக்கும் நடுவே
பஸ் நிற்கும் தூணில் ஒட்டினேன்.

மூன்று நாள் ஒருவரும் தொடவில்லை.
மழை ஒரு மூலையை உரித்தது.
நான்காம் நாள் நீல மையில் இரண்டு வரி.
பெயர் இல்லை. ஆனால் தெரியும்,
ஆலையிலேயே இரவு ஷிப்டு பார்க்கும் தெய்வானை
ஓவர்டைம் பாரம் நகலெடுக்க மாசாமாசம் வருகிறவள்.

வெள்ளைச் சட்டை காயப்போட முடியலை.
சனிக்கிழமையாவது நிறுத்துங்க.

அந்த 'ஆவது'வைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன்.
ஆங்கிலத்தில் வைத்தால் குறைந்தபட்சம் என்று கணக்காகிறது.
சீனத்தில் வைத்தால், டீச்சர் உதட்டைப் பிதுக்குகிறார்,
மார்க்கெட் பேரம் போல இருக்கிறதாம்.
தமிழில் அது
மற்ற ஆறு நாளையும் விழுங்கிவிட்டு
வாசலில் நிற்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை.
இயந்திரம் சூடாகிக்கொண்டிருக்கிறது.
சார் 'எனினும்'மை அடித்துவிட்டு
பேனா மூடியைக் கடிக்கிறார்.
டீச்சர் இன்னும் அகராதி புரட்டுகிறார்.