சி படிவம்

வெளிநாட்டார் வந்து இறங்கினால்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
போலீசுக்குப் போய்ச் சேரவேண்டும் சி படிவம்.
பெயர்: அல்சீரா முலேவா. நாடு: மொசாம்பிக்.
வயது அறுபத்தொன்று.
வந்த காரணம்: தம்பியின் சிறுநீரகம்.
தொழில் என்ற கட்டத்தின்மேல் அவள் விரல் நின்றது.
காற்றில் எழுதிக் காட்டினாள்.
கிளார்க் என்று போட்டேன்.

பாபுராவ் தெருவில்
வங்காளத்தாருக்கு மீன்குழம்பு உண்டு, தரகர் உண்டு.
போர்த்துகீசுக்கு ஆளில்லை,
ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பு மேசையில்கூட.
அவளும் நானும் அரைகுறை இங்கிலீஷில்
ஆளுக்கொரு கையால் பேசிக்கொண்டோம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கி வருவாள்.
அறையில் விளக்குப் போட்டால் தம்பி விழித்துக்கொள்வானாம்.
என் டியூப்லைட்டுக்கு அடியில்
பால்கணக்கு நோட்டுபோல் ஒன்றில் எழுதுவாள்.
கொசுவர்த்தியை அவள் கால்பக்கம் தள்ளிவைப்பேன்.
கரண்ட் போனால்
சொல்லின் நடுவில் பேனாவை ஊன்றியபடி
வரும்வரை உட்கார்ந்திருப்பாள்.

ஐப்பசி அடைமழை ஒருநாள்.
ஜன்னலைச் சாத்துடா என்று பையனிடம் கத்தினேன்.
ஜனேலா? என்று நிமிர்ந்தாள்.
அப்புறம் லாட்ஜ் முழுக்கக் கைநீட்டினாள்.
மேசை, மேஸா. சாவி, ஷாவி.
அலமாரி, துவாலை, வராந்தா.
என் சட்டைப் பொத்தானைக்கூட விடவில்லை.
பேனா என்றேன்.
பேனா என்றால் இறகு, தண்டனையும் பேனா,
இரக்கமும் அதே சொல்தான் என்றாள்.
எனக்கும் உற்சாகம் வந்து
ஏலம் என்றேன்.

லெய்லாவ்ம் என்றாள். சிரிப்பு நின்றது.
எங்கள் துறைமுகத்தில் அந்தச் சொல்லைக் கூவி
ஆட்களை விற்றார்கள்.
நான் மண்டித் தெரு வெங்காயத்தை நினைத்துச் சொன்னது.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
அடகில் மூழ்கிப்போன என் மனைவியின் வளையல்.
அதைச் சொல்லவில்லை.

பள்ளியில் சுவாபோ பேசினால்
உள்ளங்கையில் கட்டையால் அடி.
அடித்த பாஷையில் எதற்கு எழுதுகிறாய் என்றேன்.
எந்த பாஷையில் எழுதினாலும்
என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்றாள்.
அந்நேரம் வீட்டிலிருந்து போன்.
நக்கோ, நக்கோ என்று நான் தக்னியில் சண்டைபோடுவதை
முழுக்கக் கேட்டாள்.
வைத்ததும் பதிவேட்டைத் தட்டிக் கேட்டாள்:
சென்யோர் இத்ரீஸ், இது எந்த பாஷை?
தமிழ் என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் வரவுக்கணக்கில் குனிந்துகொண்டேன்.

பாலாற்றைக் காட்டச் சொன்னாள்.
பாலத்தைக் காட்டினேன், மணலைக் காட்டினேன்.
மழை பெய்தும் ஒரு முழங்கால் தண்ணீர்.
எங்கள் கெலிமானே ஆற்றுக்கு
நல்ல சகுனங்களின் ஆறு என்று பெயர் வைத்துவிட்டு
இந்தப் பக்கம்தான் கப்பலைத் திருப்பினான் ஒருவன்.
சகுனம் அவனுக்கு நல்லது என்றாள்.
கரும்புச்சாறு குடித்தோம். காசு அவள் கொடுத்தாள்.

ஊருக்குப் போகும் முன்
படிவத்தில் தன் தொழில் என்ன என்று கேட்டாள்.
கூச்சத்தோடு சொல்லிவிட்டு
வெள்ளைமை எடுத்தேன். கையைப் பிடித்தாள்.
அழிக்காதே.
எங்கள் நாட்டில் எழுதினவர்களில் பாதி அதுதான்.
துறைமுகச் சுங்கத்தில் ஒருவன்,
ரயில்வேயில் ஒருவன்,
தந்தித் தாளின் பின்பக்கம் நாவல் எழுதினாள் ஒருத்தி.
பிடித்துக்கொண்டு போனபோது
போலீஸ் எழுதிக்கொண்டதும் கிளார்க் என்றே.

தம்பிக்கு மறுபடி தை மாதம் தேதி கொடுத்திருந்தார்கள்.
தையும் போயிற்று, மாசியும்.
இருநூற்றேழின் சாவி அவள் பையோடு போய்விட்டது.
என் சம்பளத்தில் நூற்றைம்பது பிடித்து
முதலாளி புதுப் பூட்டு போட்டார்.
பழைய பூட்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது,
பூட்டினபடி.