ஆறடி

கொளத்தூர் கடையில் டில்லிபாபு கேட்ட முதல் கேள்வி
"வீடு சொந்தமா, வாடகையா?"
வாடகை.
"எத்தனாவது மாடி?"
இரண்டாவது.
வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்:
"அப்ப கப்பி வாங்கிட்டுப் போங்க சார்."

அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.
தீப்பெட்டி நீளம்,
கரிமேல் நெருப்புக் கீறியது போல் உடம்பு,
வாலடியில் ஒரு பொய்க் கண்.
மற்றதெல்லாம் தீனிக்கு அலைய
இது மட்டும் கண்ணாடியோரம் நின்று
என் சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தது.

"ஆஸ்கர். வருஷம் திரும்பினா ஒரு அடி நீளம்.
மனுஷனுக்குக் கடைசியிலதான் ஆறடி,
இதுக்கு ஆரம்பத்துலயே ஆறடித் தொட்டி."
என்னிடம் இருந்தது
நாலடிக்குச் சுவர், மூன்று மாதத் தவணை.
கூடவே பச்சையும் நீலமுமாய் மின்னிய
க்ரீன் டெரர் ஒன்றையும் காட்டினேன்.
"வேணாம் சார். ஒரு வீட்டுக்கு ஒரு ரவுடி போதும்."
வாங்கினேன்.

தண்டையார்பேட்டையில்
கீழ்வீட்டு ஜெயசங்கரியம்மா
படியில் வழிமறித்தார்:
"என் தலைக்கு மேல குளம் வெட்டறியா?"
இருநூற்றைம்பது லிட்டர்,
லிட்டருக்கு ஒரு கிலோ, கண்ணாடியும் மணலும் தனி.
கணக்கை மனசுக்குள் வைத்துக்கொண்டு
"சின்னத் தொட்டிதாம்மா" என்றேன்.
பீம் ஓடும் சுவரோரம் வைத்தோம்.
முதல் வாரம்
நானும் ரெஜினாவும் கூடத்தில் மெதுவாகவே நடந்தோம்.

வாரம் ஒருமுறை
மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும்.
அதாவது எங்கள் தெருவில்,
லாரி வரும் நாளில்,
குடங்களின் வரிசையில்
ஒரு மீனுக்காகவும் நிற்க வேண்டும்.
யாருக்கு இத்தனை குடம் என்றார்கள்.
வீட்டில் விருந்தாளி என்றாள் ரெஜினா.
ஒரு வருஷமாகப் போகாத விருந்தாளி.
குளோரின் வாசம் போக ஒரு நாள் பீப்பாயில் கிடத்தி
அளந்து சொட்டு மருந்து விட்டு
குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள்போல்
முழங்கையை நனைத்துப் பார்த்து ஊற்றுவாள்.
அழுக்குத் தண்ணீர் குடித்து
மாடியில் பெயின்ட் வாளிக் கறிவேப்பிலை
ஆளுயரம் வளர்ந்துவிட்டது.

காசிமேட்டிலிருந்து கொஞ்சம் இறால் வரும்,
உரித்து, நறுக்கி, அதற்கு.
சங்கரா எங்களுக்கு.
வாணலியில் மீன் பொரியும்போது
அது திரும்பிப் பார்ப்பதை
ரெஜினாவால் தாங்க முடியவில்லை.
கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே
பழைய புடவை ஒன்று தொங்குகிறது.

மூன்றாம் மாதம் ரவுடிகள் இருவரும்
பூந்தொட்டி ஓடு ஒன்றுக்காக வாய் கவ்வினார்கள்.
காலையில் ஆஸ்கரின் துடுப்பு கிழிந்த குடை.
க்ரீன் டெரரை மூடி போட்ட வாளியில் வைத்து
ஷேர் ஆட்டோவில் கொளத்தூர் போனேன்.
பள்ளத்துக்குப் பள்ளம் என் பேன்ட் நனைந்தது.
டில்லிபாபு ஒன்றும் சொல்லவில்லை.
பாதி விலை கொடுத்தார்.

அன்றிரவு ஆஸ்கர் பக்கவாட்டில் சாய்ந்து
மணலில் கிடந்தது.
செத்தேபோச்சு என்று அழுதாள்.
செத்துப்போகவில்லை,
கோபம்.
எதிரி போன வீட்டில் அதற்கு வேலையில்லை.
நான்காம் நாள் எழுந்து
ஓட்டைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தது.

பிறகு அந்தப் புயல்.
இரண்டு ராத்திரி மின்சாரம் இல்லை.
பேட்டரி மோட்டார் பத்து மணிக்கே நின்றது.
மக்கில் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றி,
மொண்டு, ஊற்றி
மாற்றி மாற்றி விழித்திருந்தோம்.
சத்தம் கேட்டு டார்ச்சோடு ஏறி வந்தார்
ஜெயசங்கரியம்மா.
தொட்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.
ஒளி பட்டதும் அது முன்னால் வந்து
அவர் முகத்துக்கு நேராக நின்றது.
வெகுநேரம் பேச்சில்லை.
"மக்கைக் குடு" என்றார்.

விடியும்போது கை வலியோடு கேட்டார்:
"இது இன்னும் எவ்வளவுடா வளரும்?"

"இவ்வளவுதாம்மா, இதுக்கு மேல இல்ல."

அது திரும்பி நீந்தியது.
வாலிலிருந்த கண்
என்னையே பார்த்துக்கொண்டு போயிற்று.